கழிவுநீர்ச் சுமையை ஆள் கணக்கில் சொல்ல: ‘ஆட்சுமை’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஓர் ஊரின் கழிவுநீர்ச் சுமை எத்தனை ஆளின் கழிவுக்குச் சமம் என்று சொல்லும் அலகு ‘population equivalent’. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் ஒரு நண்பர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ‘மக்கள்தொகைச் சமானம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே? மூலச்சொல்லுக்கு நேராக இருக்கிறது.

அப்படி நேராக இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மக்கள்தொகை என்றதும் கணக்கெடுப்பில் வரும் எண்தான் நினைவுக்கு வரும். கடற்கரைச் சுற்றுலா ஊரில் அந்த எண்ணை நம்பிச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினால், விடுமுறைக் காலத்தில் அது திணறிப்போகும். விடுதியும் உணவகமும் அனுப்பும் கழிவு எந்தக் கணக்கெடுப்பிலும் ஏறாது. அதைப் பிடிப்பதற்குத்தான் இந்த அலகே.

ஐரோப்பாவில் 1991-இல் வந்த நகர்ப்புறக் கழிவுநீர் ஆணை, ஐந்து நாள் சோதனைப்படி நாளொன்றுக்கு 60 கிராம் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன்) கொண்ட கழிவை ஓர் அலகு என்கிறது. ஆள் உள்ளூரா வெளியூரா என்ற கேள்வியே அதில் இல்லை. ஆண்டுச் சராசரியையும் அது எடுப்பதில்லை. கனமழை போன்ற வழக்கத்துக்கு மாறான நிலைமைகளைத் தள்ளிவிட்டு, ஆண்டிலேயே அதிகச் சுமை வந்த வாரத்தின் சராசரியை எடுக்கிறது. சுற்றுலா ஊருக்கு வேண்டியது சரியாக இதுதான்.

இன்னொருவர் சொன்ன ‘ஆள்நீரளவு’ கேட்க இனிமையாக இருந்தாலும் பொருள் தவறிவிடுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 4,000 கனமீட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 300 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவை. மொத்தம் 1,200 கிலோ. 60 கிராமால் வகுத்தால் 20,000 அலகு. இப்போது கடல் ஏற்றத்தின்போது விரிசல்விட்ட குழாய்கள் வழியாக 2,000 கனமீட்டர் கடல்நீர் உள்ளே புகுந்துவிடுகிறது. நீர் 6,000 கனமீட்டர் ஆகிறது, செறிவு 200-க்கு இறங்குகிறது, சுமை அதே 1,200 கிலோ. நீரளவை வைத்து எண்ணியவர் பத்தாயிரம் பேர் கூடுதலாக வந்ததாக நினைத்து, குழாயைச் சீர்செய்வதை விட்டுவிட்டுப் புதிய தொட்டி கட்டக் கிளம்பிவிடுவார். அதனால் சொல்லுக்குள் ‘சுமை’ இருந்தே ஆக வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: ஆட்சுமை. ‘ஆளுயரப் பள்ளம்’ என்கிறோம், அங்கே எந்த ஆளும் நிற்பதில்லை. குதிரைத்திறன் என்கிறோம், குதிரைகளை யாரும் எண்ணுவதில்லை. அதே வழியில் ‘20,000 ஆட்சுமை நிலையம்’ என்றால் யாருக்கும் புரியும்.

ஆட்சி என்ற சொல் குறுக்கே வருமோ என்று ஒரு நண்பர் தயங்கினார். ஆட்சேர்ப்பு, ஆட்கொல்லி எல்லாம் தடுமாற்றமில்லாமல் புழங்குகின்றனவே. புணர்ச்சியைப் பிரித்து ‘ஆள்சுமை’ என்று எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை.

அப்புறம், ‘உச்சவார ஆட்சுமை’, ‘ஓய்வுகால ஆட்சுமை’ என்ற இரண்டு கூட்டுச்சொற்களையும் கூடவே சேர்க்க வேண்டுகிறேன். காற்றூட்டத் தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு இந்தக் கழிவுதான் உணவு. கூட்டம் கலைந்ததும் அவை பட்டினி கிடக்கும்; கூட்டம் திரும்பும் நாளில் ஒரே இரவில் பெருகிவிடவும் செய்யாது. எனவே தொட்டிகளை இணை வரிசைகளாகக் கட்டி, ஓய்வுகாலத்தில் சிலவற்றை நிறுத்திவைத்து, பருவம் தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போதே மீண்டும் ஓட்டிப் பழக்க வேண்டும். எத்தனை வரிசை, எப்போது திறப்பது என்று முடிவுசெய்பவருக்கு இந்த இரண்டு எண்களும் அருகருகே தேவைப்படும்.