திருகோணமலை மாரியில் கண்டவை

2022 மார்கழி. நாட்டில் பொருளாதார நெருக்கடி. பெற்றோல் பங்கீட்டு கியூஆர் கோட்டுக்குத்தான், மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றி இறக்கவே அது சரி. வேலைக்கு நான் பழைய சைக்கிளை எடுத்தேன். திருகோணமலைத் தெருக்களில் திரியும் மான்களை நின்று பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். அதுவரை அவை தெருவை மறிப்பவை, நான் ஹோர்ன் அடிப்பவன்.

அந்த மாதம் 8ஆம் திகதி, வியாழக்கிழமை. மாண்டஸ் புயல் வங்கக் கடலில் தமிழ்நாட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. இங்கே தூறலும் வாடையும், பகல் முழுக்கச் சாம்பல் வானம். அப்படியொரு குளிரை நான் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. பின்னேரம் பிரெட்ரிக் கோட்டைக்குள் போனேன். கடல் பக்கத்துப் புல்லில் ஒரு மானும் இல்லை. ஆலமரத்தடியில், காற்றுப் படாத மதிலோரமாக, பத்துப் பன்னிரண்டு மான்கள் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்திருந்தன. மயிர் நனைந்து புள்ளிகூட மங்கிவிட்டது. நடுவில் ஒரு குட்டி, தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தது. என் மழைக்கோட்டைக் கழற்றி அதன்மேல் போடலாமா என்றுகூட நினைத்தேன். கிட்டப் போனால் எழும்பி ஓடும், இருக்கிற சூடும் போய்விடும் என்று திரும்பி வந்தேன். இரவு நித்திரை வரவில்லை.

அடுத்த நாள் காற்று மாசென்று பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. விடியவே போனேன். இரவு ஆலமரத்தின் பெரிய கொப்பு ஒன்று முறிந்து விழுந்திருந்தது. அதைச் சுற்றி நின்று, பால் வடிய வடிய இலையைத் தின்றுகொண்டிருந்தன. எட்டாத உயரத்து இலையைக் காற்றே இறக்கிக் கொடுத்திருந்தது. குட்டியைத் தேடினேன். தாயின் வயிற்றுக்குக் கீழே நின்றது.

பிறகுதான் வடக்கு கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் குளிரில் செத்த செய்தி வந்தது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு நாலு மாடு போனது. அந்த வருடம் பால் விற்றுத்தான் அவர் வீட்டை ஓட்டினார்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. சாமான் விலை ஏறியதும், முன்பு கழித்து மான்களுக்கு எறியும் கோவா இலையைக்கூட ஆட்கள் கேட்டு வாங்கிப் போனார்கள். பஸ் நிலையப் பக்கம் வரும் மான்களுக்கு மிஞ்சியது சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீன். குழம்பின் உப்புக்காக அதையும் சேர்த்து மெல்லும். அது செமிக்காது. வயிற்றுக்குள் திரண்டு கிடக்கும், மான் வயிறு நிறைந்த மாதிரியே இருந்து பட்டினியில் சாகும். ஒன்றின் வாயிலிருந்து நானே இழுத்து எடுத்தேன், அரை முழம் உள்ளே போயிருந்தது. நினைத்தால் இப்பவும் கோபம் வருகிறது. வாழைப்பழத் தோலைப் பையோடு எறியாமல் அவிழ்த்துப் போட எவ்வளவு நேரம் பிடிக்கும்?

உப்புவெளியிலிருந்து இன்னொருவர்:

அதே வருடம் ஐப்பசியில் எங்கள் வளவுக்கு ஆறுமணிக்குருவி வந்தது. இமயமலை அடிவாரத்திலிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வருகிற குருவி. ஜன்னல் கண்ணாடியில் மோதி விறாந்தையில் கிடந்தது. அம்மா கடதாசிப் பெட்டிக்குள் வைத்து மூடி, “தண்ணி பருக்காதை பிள்ளை, தானா எழும்பும்” என்றா. ஒரு மணித்தியாலத்தில் எழும்பி வேம்படிக்குப் போய்விட்டது. பங்குனி வரை அங்கேதான் இருந்தது. விடிய ஆறு, பின்னேரம் ஆறு, அந்த விசில் தவறாது. கரண்ட் இல்லாத பின்னேரங்களில் ரீவியும் தண்ணி மோட்டரும் அடங்கிக் கிடக்க, அது தெருமுனை வரை கேட்கும். அது கூப்பிட்ட பிறகுதான் அம்மா லாம்பு கொளுத்துவா. வேம்படியைக் கூட்டவும் விடமாட்டா. சருகைக் கிளறித்தானே அது புழு பொறுக்குகிறது.

திருக்கடலூரிலிருந்து வேறொருவர்:

எனக்கு மறக்காதது 2020 மார்கழி 2, புரவி புயல் கரை ஏறிய இரவுதான். கொரோனாக் காலம், தொழிலும் இல்லை. விடிந்து பார்த்தால் முருங்கை முறிந்து கிடந்தது. கொப்புக்குள் அணில் கூடு, கண் திறக்காத இரண்டு குட்டி. சிரட்டைக்குள் தும்பு போட்டு மதிலில் வைத்துவிட்டு விலகி நின்றோம். மத்தியானம் தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு பக்கத்து வீட்டுக் கூரைக்குள் போனது. முறிந்த முருங்கையில் ஒரு தடியை வெட்டி அதே இடத்தில் நட்டோம். இப்போது அதில் காய் பிடுங்க ஏணி வேண்டும்.