கடல் கிளைடர் (மிதப்பைக் கூட்டிக் குறைச்சு ஏறி இறங்குற ஆளில்லா அளவீட்டுக் கருவி) 6 மீட்டர் ஆழத்துல நின்னுடுது, மேலே வரமாட்டேங்குது. அவசரம்

அலைமுகம்: டைவ் எல்லாம் ஒழுங்கா போகுது. ஏறும்போது 6 மீட்டர்ல தொங்கிக்கிட்டே இருக்கு. நேத்து ராத்திரி ஒரே ஒரு தடவைதான் மேலே வந்து இரிடியம் (செயற்கைக்கோள்) இணைப்பு கிடைச்சது. அவசர எடையைக் கழற்றி விட்டுடலாமா?

உப்புமானி: எடையைத் தொடாதீங்க. விட்டா மறுபடி டைவ் அடிக்க முடியாது, பயணம் அதோட முடிஞ்சுது. என்ன மாடல்? எந்த அடர்த்திக்கு பேலஸ்ட் பண்ணீங்க (எந்த நீர்ல மிதக்காம மூழ்காம நிக்கற மாதிரி எடை போட்டீங்க)? மேல்நீர் உப்பு, வெப்பம்?

நீலவால்: காற்றுப்பைதான். ஏர் பம்ப் ஓடலைன்னா வால் தூக்காது, ஆன்டெனா நீருக்குள்ளயே இருக்கும்.

ஆழ்மானி: காற்றுப்பை மேற்பரப்புக்கு வந்த பிறகு வாலைத் தூக்கத்தான். 6 மீட்டர்ல நிக்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. பேலஸ்ட் கணக்கு தெரியாம கிளைடரைக் கடல்ல இறக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை எழுதறது? ஏறும் வேகத்தைப் பாருங்க. அடியிலேருந்தே மந்தம்னா கொட்டலசு ஒட்டியிருக்கும், இல்ல உள்ளே நீர் கசியுது. கடைசி சில மீட்டர்ல மட்டும்னா மேலே நன்னீர் அடுக்கு.

அலைமுகம்: ஸ்லோகம் மாடல், 200 மீ ஆழத்துக்கான மிதப்பு பம்ப். 80 மீட்டர் வரை டைவ், அடியில அடர்த்தி 1024 (கிலோ/கன மீட்டர்). பேலஸ்ட் 1023. வேகம் 12 மீட்டர் வரை சீர், அப்புறம் செத்துடுது. மேலே உப்பு 31, வெப்பம் 29.

நீலவால்: சிடிடி (உப்பு, வெப்பம், ஆழம் அளக்கிற சென்சார்) தனக்குன்னு நீர் பம்ப் இல்லாததா? நின்ன இடத்துல செல்லுக்குள்ள நீர் ஓடாது. அந்த 31ஐ நம்பாதீங்க.

ஆழ்மானி: ஏறும்போது எடுத்ததை விடுங்க. இறங்கும்போது அதே அடுக்கை ஓடிக்கிட்டே கடந்திருக்கு, அதை எடுத்தா போதும்.

நீலவால்: தெர்மோக்ளைன்ல (வெப்பம் சட்டுனு மாறுற அடுக்கு) வெப்பத் தாமதம், அதாவது சென்சார் பிந்திக் காட்டறது, இறங்கும்போதும் இருக்கும்.

ஆழ்மானி: மேல் 5 மீட்டர் நல்லா கலந்த நீர். அங்கே ஏது தெர்மோக்ளைன்?

உப்புமானி: 31, 29 டிகிரின்னா அடர்த்தி சுமார் 1019. பேலஸ்டுக்கு 4 குறைவு. கிளைடரோட கனஅளவு 56 லிட்டர்னு வைங்க, 4 × 56 = 224 கிராம் மிதப்பு குறையும். மிதப்பு பம்ப் நடுவிலிருந்து ஏறத்தாழ 250 சிசி தள்ளும், அது சுமார் 250 கிராம் மிதப்பு, மிச்சம் 26 கிராம்தான். மிஷன் கோப்புல ஏறும் பம்புக்கு 200 சிசின்னு வரம்பு போட்டிருந்தா 24 கிராம் கனமாயிடும், அடுக்குக்குக் கீழேயே நிக்கும். ராத்திரி வந்தது அபார்ட் ஆகித்தான் (மிஷனைக் கைவிட்டுத்தான்) இருக்கணும், அப்போ பம்ப் முழுசா தள்ளும். அடுத்த இணைப்புல வரம்பை உச்சத்துக்கு ஏத்துங்க, வழிப்புள்ளியை (அடுத்துப் போக வேண்டிய இடத்தை) உப்பு கூடின பக்கம் தள்ளுங்க.

அலைமுகம்: 200தான் இருந்தது. மாத்தினேன். மூணு தடவை வந்துடுச்சு.

உப்புமானி: கரைக்கு எடுத்ததும் பேலஸ்ட் நடுப்புள்ளியை 1023லேருந்து 1021.5க்கு இறக்குங்க: 1.5 × 56 = 84 கிராம் எடுக்கணும். ஹல்லுக்குள்ள (உடல் கூட்டுக்குள்ள) இருக்கிற எடைன்னா அப்படியே 84. வெளியே இருக்கிற ஈயம்னா 92, அது தானும் கொஞ்சம் நீரை விலக்குதே. முன்னாலயும் பின்னாலயும் பிரிச்சு எடுங்க, ஒரே பக்கம் எடுத்தா பிட்ச் (மூக்கு-வால் சமநிலை) சாய்ஞ்சுடும்.