ரேங்லர் ஜேஎல் ஸ்போர்ட்டுக்கு லிஃப்ட் எவ்வளவு, டயர் 33ஆ 35ஆ?

கரட்டுவழி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. என்கிட்ட இருக்கறது ஜீப் ரேங்லர் ஜேஎல் ஸ்போர்ட், நாலு டோர், ஆட்டோமேட்டிக், ஆக்சில் கியர் 3.45 (சக்கரம் ஒரு சுத்து சுத்த எஞ்சின் பக்க ஷாஃப்ட் 3.45 சுத்து சுத்தும்). கம்பெனிலேர்ந்து வந்த 245/75ஆர்17 டயர் நல்லா தேஞ்சுபோச்சு, எப்படியும் மாத்தித்தான் ஆகணும், அதோட சஸ்பென்ஷனையும் ஒரே கையோட பண்ணிடலாம்னு பாக்கறேன். வாரநாள் முழுக்க ஆபீஸ் போக வர இதே வண்டிதான். லீவு கெடச்சா குடும்பத்தோட டென்ட், தண்ணி கேன், சாமான் எல்லாம் ஏத்திக்கிட்டு கல்லுப் பாதை, காட்டாறு, கொஞ்சம் சேறு, அவ்ளோதான். பாறை மேல பாறையா ஏத்தற ஆளு நான் கெடையாது, ஆனா மேடு ஏறி இறங்கும்போது நடு வயித்துல கல்லு இடிக்கறது ரொம்ப தொந்தரவா இருக்கு.

விசாரிச்சா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நாலு இஞ்ச் லிஃப்ட்டும் (சஸ்பென்ஷனை ஒசத்தறது) 35 இஞ்ச் ஒசர டயரும் போட்டாதான் ஜீப்புன்னு ஒருத்தர், ரெண்டு இஞ்ச் ஸ்பேசர் போதும் மிச்சம் எல்லாம் வீண் செலவுன்னு இன்னொருத்தர். லிஃப்ட்டை மொதல்ல முடிவு பண்ணணுமா டயரை மொதல்ல முடிவு பண்ணணுமா? ஸ்பேசர் போட்டா என்ன குறையும்? ஏடி (எல்லாப் பாதைக்குமான டயர்) எடுக்கறதா எம்டி (சேத்து டயர்) எடுக்கறதா? தெரிஞ்சவங்க காரணத்தோட சொன்னா புண்ணியமா போகும்.

ஆக்சில்காரன் எழுதியது:

ப்ரோ, டயர்தான் மொதல்ல. அந்த டயர் எங்கயும் உரசாம முழுசா மேல கீழ ஆடறதுக்கு எவ்வளவு இடம் வேணுமோ அவ்வளவுக்குத்தான் லிஃப்ட், அதுக்கு மேல ஒரு இஞ்ச் கூட வேண்டாம். ரேங்லர்ல முன்னாடி பின்னாடி ரெண்டும் சாலிட் ஆக்சில் (ரெண்டு சக்கரத்தையும் இணைக்கற ஒரே தண்டு), நீங்க நாலு இஞ்ச் லிஃப்ட் போட்டாலும் ஆக்சில் நடுவுல இருக்கற டிஃபரன்ஷியல் உருண்டை தரையிலேர்ந்து இருக்கற உயரம் ஒரு மில்லிமீட்டர் கூட மாறாது, ஏன்னா ஆக்சிலைத் தூக்கறது டயர் மட்டும்தான், அதுவும் டயர் எவ்வளவு பெருசாச்சோ அதுல பாதி. லிஃப்ட் தூக்கறது பாடியையும் ஃப்ரேமையும். நடு வயித்துல இடிக்குதுன்னு சொன்னீங்களே, அதுக்கு லிஃப்ட் ஒதவும், மறுக்கல, ஆனா பாடி மேல போகப் போக பேலன்ஸ் மையமும் மேல போகும், பக்கவாட்டு சரிவுல வண்டி சாயற பயம் கூடும், அதை மறந்துட்டுத்தான் நெறைய பேரு உயரத்துக்கு ஆசைப்படறாங்க.

கணக்கையும் பாத்துடுங்க. உங்க 245/75ஆர்17 சுமாரா 31.5 இஞ்ச். 33ன்னு சொல்ற 285/70ஆர்17 அளந்தா 32.7 வரும், ரேங்லரோட கரட்டுப்பாதை மாடலான ரூபிகான்ல கம்பெனியே போட்டுத் தர்ற சைஸ் அதுதான். 35ன்னு சொல்ற 315/70ஆர்17 வந்து 34.4. ஆக 33 போட்டா ஆக்சில் சுமார் 15 மில்லிமீட்டர் ஏறும், 35ல சுமார் 37. இதோட மறுபக்கம் கியர்ல தெரியும். 35 போட்டா உங்க 3.45 கியர் கிட்டத்தட்ட 3.16 மாதிரி ஆயிடும், ஏத்தத்துல வண்டி திணறும், கியர்பாக்ஸ் மேல கீழ தேடிக்கிட்டே இருக்கும், மீட்டர்ல 100னு காட்டும்போது நெசத்துல 109ல போய்க்கிட்டு இருப்பீங்க. 33ல இது 3.32 ஆகும், எட்டு கியர் ஆட்டோமேட்டிக் அதைத் தாங்கிக்கும்.

கம்பெனியே 35 போட்டப்ப என்ன பண்ணாங்கன்னு பாருங்க. 2021ல ரூபிகானுக்கு எக்ஸ்ட்ரீம் ரீகான்னு ஒரு பேக்கேஜ் வந்துச்சு, அதே 315/70ஆர்17. லிஃப்ட் வெறும் 1.5 இஞ்ச், ஆனா ஆக்சில் கியரை 4.56 ஆக்கினாங்க, ஷாக் அப்சார்பரை மாத்தினாங்க, ஸ்டெப்னி எடை தாங்கறதுக்காக பின் கதவோட கீலைக்கூட பலப்படுத்தினாங்க. இதெல்லாம் ரூபிகான்ல, அதுக்கு ஃபெண்டரே உங்க ஸ்போர்ட்டை விட ஒசரமா இருக்கும். அப்போ ஸ்போர்ட்ல 35ன்னா டயர் செலவோட நிக்காது, கியர், கீல், ஃபெண்டர், ரிம் ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு வெளிய தள்ளி நிக்கும்ங்கறது)னு வரிசையா வந்து நிக்கும். நீங்க சொன்ன உபயோகத்துக்கு 33ம் ரெண்டு இஞ்சும் தாராளம்.

சுருள்வில் எழுதியது:

மேல சொன்னதோட ஒத்துப்போறேன், ஸ்பேசர் விஷயத்தை மட்டும் விரிவா சொல்றேன் ஏன்னா அதுலதான் ஆளுங்க ஏமாறாங்க. ஸ்பேசர்ங்கறது பழைய ஸ்பிரிங் மேல ஒரு கட்டை வைக்கறது, அவ்ளோதான். ஸ்பிரிங் அதே, பெரும்பாலான கிட்ல ஷாக்கும் அதே நீளம். வண்டி ரெண்டு இஞ்ச் ஒசந்து நின்னா ஷாக் ஏற்கனவே ரெண்டு இஞ்ச் நீண்டுதான் நிக்குது, அப்போ சக்கரம் குழில எறங்க மிச்சம் இருக்கற தூரம் கொறஞ்சு போச்சு, ஒவ்வொரு பள்ளத்துலயும் ஷாக் கடைசி வரைக்கும் இழுபட்டு டொக்குனு அடிக்கும். காட்டுப்பாதைல சக்கரம் தரையை விடாம பிடிக்கறதுதான் முக்கியம், அதையே கொறைச்சுக்கிட்டு ஒசரம் வாங்கறதுல என்ன லாபம் சொல்லுங்க. ரோட்டுல பாக்க கம்பீரமா இருக்கணும்னு மட்டும் நெனைக்கறவங்களுக்கு ஸ்பேசர் சரி, உங்களுக்கு வேண்டாம்.

ஸ்பிரிங் எடுக்கும்போது எத்தனை இஞ்சுன்னு கேக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு எடைன்னு கேளுங்க. வண்டில எப்பவுமே இருக்கப்போற எடை எது, இரும்பு பம்பரா, வின்ச்சா, கூரை மேல டென்ட்டா, அதை மொதல்ல கூட்டிப் பாருங்க. ஏஆர்பியோட ஓல்ட் மேன் ஈமூ மாதிரி பிராண்டுங்க ஒரே வண்டிக்கு எடையைப் பாத்து வேற வேற ஸ்பிரிங் தர்றாங்க, அது சும்மா இல்ல. வாரம் பூரா காலியா ஆபீஸ் போற வண்டில கனமான ஸ்பிரிங் போட்டா குதிரை மாதிரி தூக்கிப் போடும், லேசான ஸ்பிரிங்கைப் போட்டு சாமானை ஏத்தினா பின்னாடி உக்காந்துடும், லிஃப்ட்டே காணாமப் போயிடும்.

அப்புறம் கேஸ்டர், அதாவது முன் சக்கரம் திரும்பற அச்சோட பின்பக்கச் சாய்வு. லிஃப்ட் ஏற ஏற முன் ஆக்சில் லேசா முன்பக்கம் திரும்பி கேஸ்டர் கொறையும், ரோட்டுல வண்டி நேரா நிக்காது, திருப்பின ஸ்டியரிங் தானா நடுவுக்கு வராது. ஜீப் கம்பெனியோட உதிரிபாக பிராண்டான மோபார் ஜேஎல்லுக்குன்னு விக்கற ரெண்டு இஞ்ச் கிட்ல ஸ்பிரிங், ஷாக்கோட முன்பக்க லோயர் கண்ட்ரோல் ஆர்மும் (ஆக்சிலை ஃப்ரேமோட இணைக்கற கை) சேந்தே வர்றது இதுக்காகத்தான். நீங்க பாக்கற கிட்ல அதுவோ அதுக்கான பிராக்கெட்டோ இருக்கான்னு பாருங்க, ஸ்வே பார் (வண்டி பக்கவாட்டுல சாயறதைக் கொறைக்கற கம்பி) லிங்க்கும் பம்ப் ஸ்டாப்பும் (ஆக்சில் ரொம்ப மேல ஏறி இடிக்காம தடுக்கற ரப்பர்) இருக்கான்னும் பாருங்க. இது எதுவும் இல்லாம வெறும் ஸ்பிரிங் மட்டும் இருந்தா அந்த கிட் பாதிதான்.

சேத்துவழி எழுதியது:

டயர் பத்தி நான் சொல்றேன் பாஸ். ஆபீஸும் போகணும் மழையிலயும் ஓட்டணும்னா ஏடி எடுங்க. எம்டில பெரிய பெரிய கட்டையும் நடுவுல அகலமான இடைவெளியும் இருக்கறதால சேறு ஒட்டாம வெளிய தெறிச்சுடும், அதுக்கு ஈடு கெடையாது, ஆனா ஈரத் தார் ரோட்டுல பிடிப்பு கம்மி, சத்தம், சீக்கிரம் தேயும். மணல்லயும் எம்டி ஓடறதை விட தோண்டும். சேறு கொஞ்சம்தான்னு நீங்களே சொல்லிட்டீங்க. ரெண்டுக்கும் நடுவுல ஆர்டின்னு ஒண்ணு வருது, பக்கவாட்டுல கட்டை கெட்டியா இருக்கும், கல்லு ஜாஸ்தின்னா அதையும் பாக்கலாம்.

யாரும் கேக்காத கேள்வி லோட் ரேஞ்ச், அதாவது டயர் எவ்வளவு பாரம் தாங்கும்ங்கறது. எல்டி (லைட் ட்ரக்) டயர்ல சி, டி, ஈன்னு இருக்கும். கடைல ஈ ரேஞ்சுதான் பலம்னு தலையில கட்டுவாங்க. அது 80 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) வரைக்கும் தாங்கற கட்டு, பாரம் இழுக்கற பெரிய பிக்கப்புக்கு ஆகும். ரேங்லர் எடைக்கு சி போதும், ரூபிகான்ல வர்ற 285/70ஆர்17ம் சி தான். ஈ போட்டா எடை கூடும், பக்கச்சுவர் வெறப்பா இருக்கறதால காத்தை எறக்கினாலும் டயர் கல்லு மேல படிஞ்சு உக்காராது.

காத்து எறக்கறது ரொம்ப முக்கியம், லிஃப்ட்டுக்குக் குடுக்கற காசை விட ஒரு கம்ப்ரசரும் கேஜும் அதிகம் வேலை செய்யும்னு சொல்வேன். ரோட்டுல 35, 36 பிஎஸ்ஐ இருந்தா கல்லுப் பாதைல 18 கிட்ட எறக்கிட்டு மெதுவா போங்க, பிடிப்பும் கூடும் குடும்பத்துக்கு குலுங்கலும் பாதியாகும். பீட்லாக் (டயர் விளிம்பை ரிம்மோட பூட்டற வளையம்) இல்லாத ரிம்ல ரொம்ப கீழ போகாதீங்க, ரிம்மை விட்டு டயர் கழண்டுடும். திரும்ப தார் ரோடு ஏறும்போது காத்து அடிக்காம வேகமா போகவே கூடாது, சூடாகி வெடிக்கும். டயர் அஞ்சா வாங்குங்க, ஸ்டெப்னி சின்ன சைஸா இருந்தா காட்டுக்குள்ள அது ஒதவாது.

பிக்கப்பாளி எழுதியது:

இதைப் படிக்கற பிக்கப், எஸ்யூவி காரங்களுக்கு ஒரு வார்த்தை. முன்னாடி இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியா ஆடறது) இருக்கற வண்டிக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்காதீங்க. அங்க லிஃப்ட் ஏறினா சக்கரத்தைச் சுத்தற சிவி ஷாஃப்ட் சாய்ஞ்சு நிக்கும், அதோட ரப்பர் உறை (பூட்) கிழியும், ரெண்டு இஞ்ச் தாண்டினா அப்பர் கண்ட்ரோல் ஆர்ம் மாத்தாம அலைன்மென்ட் கெடைக்கறதே கஷ்டம். எந்த வண்டியா இருந்தாலும் உங்க ஊர் சட்டத்துல எவ்வளவு ஒசரம் அனுமதின்னு பாத்துட்டு இன்சூரன்ஸ்லயும் சொல்லிடுங்க.

கரட்டுவழி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மனசுல இருந்த கொழப்பம் தீந்துச்சு. 285/70ஆர்17 ஏடி, சி ரேஞ்ச், அஞ்சு டயர், ரெண்டு இஞ்ச் ஸ்பிரிங் ஷாக் கிட் கண்ட்ரோல் ஆர்மோட, இதுதான் முடிவு. பின்னாடி மட்டும் ஒரு படி கனமான ஸ்பிரிங் கெடைக்குமான்னு கேட்டுப் பாக்கறேன். இன்னொரு சந்தேகம், லிஃப்ட் போட்டா டெத் வாபிள் (ஸ்டியரிங் பயங்கரமா உதறறது) வரும்னு பயமுறுத்தறாங்களே, ஸ்டியரிங் டேம்பரையும் (உதறலை அமுக்கற சின்ன ஷாக்) சேத்து மாத்திட்டா போதுமா?

சுருள்வில் எழுதியது:

டேம்பர் அதை மூடி மறைக்கத்தான் செய்யும் நண்பா, தீக்காது. ஸ்டியரிங் கையை உதறிக்கிட்டு முன் ஆக்சில் முழுக்க ஆடுதுன்னா எங்கயோ லூசு இருக்கு, ட்ராக் பார் (ஆக்சிலை பக்கவாட்டுல நகராம பிடிக்கற கம்பி) போல்ட், அதோட புஷ் (ரப்பர் வளையம்), பால் ஜாயின்ட், டை ராட், இதுல ஒண்ணு. டயர் பேலன்ஸ் சரியில்லாம இருந்தா அது தூண்டி விடும். லிஃப்ட் போட்டு முடிச்சதும் நாலு சக்கரமும் தரையில ஊனி வண்டி எடை எறங்கின அப்புறம்தான் கண்ட்ரோல் ஆர்ம், ட்ராக் பார் போல்ட்டை கடைசி முறுக்கு முறுக்கணும், தூக்கி வச்ச நெலைல முறுக்கினா புஷ் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும். கூடவே நின்னு டார்க் ரெஞ்ச்லதான் முறுக்கறாங்களான்னு பாருங்க, சில நூறு கிலோமீட்டர் ஓட்டினதும் எல்லாத்தையும் திரும்ப ஒரு தடவை செக் பண்ணுங்க. ஸ்டியரிங் பாக்ஸ்லேர்ந்து சக்கரத்துக்குப் போற ட்ரேக் லிங்க் கம்பியோட நீளத்தை சரி பண்ணி ஸ்டியரிங்கை நடுவுக்குக் கொண்டு வரணும், கோணலா விட்டா ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் லைட் எரியும். அப்புறம் அலைன்மென்ட், மீட்டர்ல புது டயர் சைஸ், ஹெட்லைட்டை கீழ எறக்கறது, இல்லேன்னா எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்கும்.