எலக்ட்ரிக் கிரில்ல சிக்கன் அவிச்ச மாதிரியே வருது, சுட்ட மாதிரி வர என்ன பண்ணணும்?

வேளச்சேரிவாசி:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு பக்கமும் சூடாகுற எலக்ட்ரிக் கிரில் ஒண்ணு புதுசா வாங்கிருக்கோம், மேல மூடி கீழ தட்டு ரெண்டுலயும் வரி வரியா இருக்குமே அது, சாண்ட்விச் மேக்கருக்கு அண்ணன்னு வச்சுக்கோங்க. வீட்டுக்காரருக்கு கொலஸ்ட்ரால் ஏறிருக்கு, பொரிச்சது கூடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார், அவருக்கோ ஞாயித்துக்கிழமை சிக்கன் இல்லாம முடியாது, அதான் இது. பிரெட் எல்லாம் சூப்பரா வருது, சிக்கன்தான் படுத்துது. தயிர், இஞ்சி பூண்டு, மிளகாத்தூள், எலுமிச்சை எல்லாம் போட்டு முந்தின நாள் ராத்திரியே ஊற வச்சு எடுத்து வைக்கிறேன், மூடுன உடனே சைடுல தண்ணி பொங்கி வழியுது, பத்து நிமிஷம் கழிச்சு தொறந்தா துண்டெல்லாம் வெளுத்துப்போய் கிடக்கு, மசாலா பூரா தட்டுல ஒட்டி கருகிருது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டா ரப்பர்தான். மீன் பத்தி கேக்கவே வேணாம், வஞ்சிரத்தோட தோல் மேல தட்டுல, சதை கீழ தட்டுல. கழுவுறதுக்கு தட்டு தனியா கழட்டவும் வராது. யாராச்சும் இத ரெகுலரா யூஸ் பண்றவங்க சொல்லுங்களேன்.

மயிலை மாமி:
வேளச்சேரி, மெஷின்ல ஒரு குறையும் இல்லம்மா, தண்ணிதான் வில்லன். தட்டு மேல ஈரம் இருக்கற வரைக்கும் அந்த எடத்துல சூடு நூறு டிகிரிய தாண்டாது, செவக்கணும்னா ஒரு நூத்தி நாப்பது நூத்தம்பதாவது வேணும், நீங்க மூடியும் போட்டு அமுக்கிடறேளா, ஆவி போக வழியில்லாம சிக்கன் இட்லி மாதிரி வெந்துடறது. கடைத் தயிர அப்படியே கொட்டாம துணில கட்டி தொங்கவிட்டு தண்ணி வடிஞ்ச கெட்டித் தயிரா போடுங்கோ. எலுமிச்சைய ராத்திரியே ஊத்தாதீங்கோ, அதிக நேரம் புளிப்புல கிடந்தா மேல் சதை மாவு மாதிரி ஆயிடும், தட்டுல வச்சு பரிமாறும்போது பிழிஞ்சா போதும். உப்பு மட்டும் முன்னாடியே போட்டுக்கலாம், நல்லதுதான். கிரில்ல வைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு துண்டையும் எடுத்து வழிச்சு விட்டுடணும், மேல மெல்லிசா ஒட்டிண்டு இருக்கற மசாலா போதும், கெட்டியா அப்பிண்டு இருந்தா அதுதான் கருகும். எண்ணெய தட்டுல ஊத்தாதீங்கோ, சிக்கன் மேல ஒரு ஸ்பூன் தடவினா வேலை முடிஞ்சது.

அப்பறம் சைஸ். எலும்போட இருக்கற லெக் பீஸ் இதுக்கு ஆகவே ஆகாது, ஒரு பீஸ் பருமனா இருந்தா மூடி அதுமேல மட்டும் உக்காரும், பக்கத்துல இருக்கறதுக்கு மேல் சூடே கிடைக்காது. போன்லெஸ் வாங்கி பாலித்தீன் கவர் நடுவுல வச்சு பூரிக்கட்டையால லேசா தட்டி எல்லாத்தையும் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு கொண்டு வந்துடுங்கோ. தொடைக்கறின்னா இன்னும் நல்லது, நெஞ்சுக்கறி ரெண்டு நிமிஷம் கூடப் போனாலும் காஞ்சுடும். வெறும் கிரில்ல மூடி வச்சு லைட் மாறற வரைக்கும் நன்னா காய விட்டு அப்பறம் வைக்கணும், ரெண்டு பக்கமும் ஒண்ணா வேகறதால அஞ்சாறு நிமிஷம் போதும், நீங்க பத்து நிமிஷம் விட்டா ரப்பர் ஆகாம என்ன ஆகும். நடுநடுவுல தொறந்து எட்டிப் பாக்காதீங்கோ. சந்தேகமா இருந்தா ஒரு கிச்சன் தெர்மாமீட்டர் வாங்கி நடுவுல குத்திப் பாருங்கோ, 74 டிகிரி செல்சியஸ் காட்டினா வெந்தாச்சு. எங்காத்துல சிக்கனான்னு யாரும் கேக்கப்படாது, பேரன் ஜிம்முக்கு போறான்.

ஸ்காபரோ தம்பி:
மாமி சொன்னது சரி. நான் கனடாவில அபார்ட்மென்டில இருக்கிறன், பல்கனியில பார்பிக்யூ போட விடமாட்டினம், அதால குளிருக்குள்ள எங்களுக்கு இதுதான் கதி. இஞ்ச இதுக்கு ஜோர்ஜ் ஃபோர்மன் கிரில் எண்டுதான் பேர், எந்த கொம்பனி செய்தாலும் சனம் அப்பிடித்தான் சொல்லும். ஆள் குத்துச்சண்டைக்காரர், 1974ல கின்ஷாசாவில முகமது அலியிட்ட அடி வாங்கினாரே அவர்தான், இருபது வருசம் கழிச்சு 1994ல 45 வயசில திரும்பவும் ஹெவிவெயிட் பட்டம் எடுத்தார், அதே வருசம்தான் இந்த கிரிலும் கடைக்கு வந்தது. பிறகு 1999ல தன்ர பேர பாவிக்கிற உரிமைய மட்டும் 137.5 மில்லியன் டொலருக்கு வித்தவர், சண்டை பிடிச்சு உழைச்சதவிட இதில உழைச்சது கூட. ஃபோர்மன்ர கிரிலில தட்டு முன்பக்கமா சரிவா இருக்கும், கொழுப்பு உருகி முன்னால வைக்கிற சின்னத் தட்டுக்குள்ள வடியும். உங்கட தட்டு சமனா இருந்தா பின்பக்க காலுக்கு கீழ எதையும் முண்டு குடுத்து வைக்காதேங்கோ, சூடான சாமான் சறுக்கினா ஆபத்து.

சுடேக்க புகை வந்தா அதுக்கு காரணம் அநேகமா தேன், சீனி, தக்காளி சோஸ் இதுகள்தான், அத கடைசி ஒரு நிமிசத்தில பூசினா போதும். எங்கட வறுத்த கறித்தூளும் அப்பிடித்தான், ஏற்கெனவே வறுத்த சாமான் எண்டதால கெதியா கசந்திடும், நான் உப்பு, மிளகு, உள்ளி (பூண்டு), கொஞ்சம் மஞ்சள் போட்டு சுட்டு எடுத்துப்போட்டு மேல கறித்தூள் தூவி தேசிக்காய் (எலுமிச்சை) புளி விடுறனான். எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கிறனீங்கள் எண்டா நிப்பாட்டுங்கோ, அதில இருக்கிற லெசித்தின் பிசின் மாதிரி காஞ்சு தட்டில இருக்கிற ஒட்டாத கோட்டிங்கில பிடிச்சா பிறகு எல்லாம் ஒட்டும்.

கோவை குசும்பன்:
நடுவுல பூந்து கேக்கறதுக்கு மன்னிச்சுக்கோங்க. என்ற தங்கச்சி அமெரிக்கால இருந்து இதே மாதிரி கிரில் கொண்டு வர்றேன்னு சொல்றா, அங்க ஆஃபர்ல போட்டிருக்கானாம். பின் மாத்தற அடாப்டர் போட்டா இங்க ஓடுமுங்களா?

ஓம் விதி:
குசும்பன் ப்ரோ, வேண்டவே வேண்டாம். அங்க 120 வோல்ட், நமக்கு 230. அடாப்டர் பின்ன மட்டும்தான் மாத்தும், வோல்டேஜ மாத்தாது. கிரில்லுக்குள்ள இருக்கறது வெறும் ஹீட்டிங் காயில், வோல்டேஜ் ஏறுனா பவர் அதோட ஸ்கொயர்ல ஏறும், ஆயிரம் வாட் கிரில் இங்க மாட்டுன செகண்டுல மூவாயிரத்து அறுநூறுக்கு மேல இழுக்கும், பட்டுனு போயிரும், பக்கத்துல திரைச்சீலை இருந்தா அதுவும் சேர்ந்து போயிரும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டா ஓடும்தான், ஆனா அந்த கெபாசிட்டிக்கு பல கிலோ வெயிட்ல வரும், ஒரு கிரில்லுக்காக அத தூக்கி கிச்சன்ல வைக்கறதுக்கு இங்கயே ஒண்ணு வாங்கிடலாம். தங்கச்சிய சாக்லேட் கொண்டு வரச் சொல்லுங்க.

வேளச்சேரி மேடம், நீங்களும் ஒண்ணு பாருங்க, கிரில்லுக்கு அடில எத்தன வாட்னு போட்டிருக்கும், 1300க்கு மேல இருந்தா சின்ன 6 ஆம்ப் பிளக்குல சொருகாதீங்க, கிரைண்டரோட சேத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போடவே போடாதீங்க, 16 ஆம்ப் பாயிண்ட்தான்.

நாஞ்சில்காரி:
மீனுக்கு நான் சொல்லுதேன். வஞ்சிரத்த டிஷ்யூ வச்சு ஒத்தி நல்லா ஈரம் போக எடுத்துட்டு, மசாலால தயிரே இல்லாம மிளகாத்தூள், மஞ்சள், உப்பு, ஒரு சொட்டு தேங்காண்ணெய் மட்டும் போட்டு பெரட்டி வைங்க. அத நேரா தட்டுல வைக்காதீங்க, வாழையிலைல பொதிஞ்சு வைங்க. இலைய அடுப்புத் தீயில லேசா வாட்டணும், பச்சை நிறம் பளபளன்னு மாறி மடக்குனா கிழியாத பதம் வரும், அப்ப நடுவுல ஒரு கரண்டி வதக்குன சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), தக்காளி, அதுமேல மீன், மறுபடி ஒரு கரண்டி, கருவேப்பில, நாலு பக்கமும் மடக்கி மடிப்பு கீழ வர்ற மாதிரி வச்சு மூடிருங்க. எட்டு பத்து நிமிஷம் ஆவும். திருப்பிப் போட வேண்டிய வேலையே இல்ல, தோசைக்கல்லுல செய்யும்போது திருப்பயிலதான் பொதி அவிழும். மேல இலைல வரி வரியா கருப்பா கோடு விழுந்து வாசம் தெருவுக்கு வரும். தட்டுல ஒரு துளி மசாலா படாது, கழுவுற வேலையும் மிச்சம். சாளை (மத்தி மீன்) கூட இப்படித்தான் செய்வோம், எலும்பு பாத்து தின்னணும் அவ்ளோதான்.

வேளச்சேரிவாசி:
அய்யோ எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ், வாழையிலை ஐடியா செம. மாமி, இன்னும் ரெண்டே ரெண்டு டவுட். புரட்டாசி மாசம் அத்தை வீட்ல அசைவத்துக்கு தடா போட்டுருவாங்க, அப்ப இதுல பன்னீர் வருமா? கழுவுறத பத்தியும் யாரும் சொல்லலையே.

மயிலை மாமி:
பன்னீர்தான் இதுக்குன்னே பொறந்தது. ஒரு சென்டிமீட்டர் கனத்துல வெட்டி நாலு நிமிஷம், அதுக்கு மேல போனா கடிக்க முடியாது. மசாலால ஒரு ஸ்பூன் வறுத்த கடலமாவு சேத்தா வழியாம பிடிச்சுக்கும். குடமிளகாய், வட்டமா நறுக்கின கத்தரிக்கா, சக்கரவள்ளிக் கிழங்கு எல்லாம் ஜோரா வரும், கிழங்க மட்டும் மெல்லிசா நறுக்கணும். காளான நறுக்காம முழுசா போடாதீங்கோ, தண்ணி விட்டு மறுபடி பழைய கதைதான். நாலு துண்டு வைக்கற எடத்துல எட்டு திணிக்காதீங்கோ.

கழுவறதுக்கு பிளக்க பிடுங்கிட்டு, கை பொறுக்கற சூடு வந்ததும் நாலா மடிச்ச ஈரத்துணிய உள்ள வச்சு மூடிடுங்கோ, நாம சாப்ட்டு வர்றதுக்குள்ள ஊறிடும், மரக்கரண்டியால வரி வரியா தள்ளினா வந்துடும். ஸ்டீல் நார் தொடாதீங்கோ, குழாய்லயும் காட்டாதீங்கோ. ஆத்துல லவ் பேர்ட்ஸ் இருந்தா கூண்ட வேற ரூமுக்கு மாத்திடுங்கோ, அந்த கோட்டிங் அளவுக்கு மீறி சூடேறினா வர்ற புகை பறவைகளுக்கு உயிருக்கே ஆபத்து, வெறும் கிரில்ல ஆன் பண்ணிட்டு ஃபோன் பேசப் போயிடாதீங்கோ.