பூஞ்சை பிடித்த விஎச்எஸ் வீடியோ டேப்: யாரிடம் கொடுக்கலாம்?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு வழி சொல்லுங்கள்.

தொண்ணூறுகளில் தூர்தர்ஷனில் ஓடிய 'உதிரிப்பூக்கள்' படத்தை அப்பா வீட்டிலேயே பதிவு செய்து வைத்திருந்தார். மூன்று மணி நேரம் ஓடும் இ-180 டேப், 'பால்' (PAL) எனும் வீடியோ முறையில் பதிந்தது. இப்போது ஓட்டினால் படத்தின் அடியில் வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன, கொஞ்ச நேரத்தில் படம் உடைந்து டெக் (டேப்பை ஓட்டும் கருவி) தானே நின்றுவிடுகிறது. ஒலி மட்டும் தெளிவு. மூடியைத் தூக்கிப் பார்த்தால் சுருளின் ஓரத்தில் மாவு தூவியதுபோல் பூஞ்சை. போன மழைக்காலத்துக்கு அப்புறம்தான் இப்படி.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வைத்து டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தாயிற்று. வேறு டேப் போட்டால் நன்றாகவே ஓடுகிறது, ஆக கோளாறு டேப்பில்தான். ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் டேப்பை டிஜிட்டலாக மாற்றும் வேலையே எடுப்பதில்லை என்றார்கள். மதுரையில் மாற்றித் தருகிறார்கள், ஆனால் பூஞ்சை பிடித்ததை மெஷினில் ஏற்ற மாட்டார்களாம். அது நியாயம்தான், பூஞ்சை அடுத்த டேப்புக்கும் ஒட்டிக்கொள்ளும். அதனால் நானும் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன்.

படம் வேறு இடத்தில் கிடைக்கும், தெரியும். ஆனால் இதில் இடையில் வந்த அக்கால விளம்பரங்கள், செய்தித் துணுக்கு எல்லாம் அப்படியே இருக்கின்றன. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து மகேந்திரன் 1979இல் எடுத்த படம். அந்த ஆற்றங்கரை முடிவுக்கு இணையாக, 2024இல் வந்த 'வாழை' படத்தின் கடைசிப் பகுதிதான் என்னை உலுக்கியது. இரண்டையும் அடுத்தடுத்து என் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

நான் இருப்பது அம்பாசமுத்திரம். திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் வட்டாரத்தில் பூஞ்சை டேப்பைச் சுத்தம் செய்து டிஜிட்டலாக மாற்றித் தருபவர் யார்?