வாலிபர் முகாமில் சமையற்கட்டு ஊழியம்: போகுமுன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஒலிவக்கிளை கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வருகிற கோடையில் வெளிநாட்டில் நடக்கும் கிறிஸ்தவ வாலிபர் முகாம் ஒன்றில் ஊழியம் செய்ய என்னைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று வாரம். பிள்ளைகள் 13 முதல் 17 வயது வரை 120 பேர், ஊழியர்கள் 30 பேர். எனக்குக் கொடுத்திருப்பது பின்னணிக் குழு: சமையலறை, பாத்திரம், கழிப்பறை, தங்கும் அறைகள். வீட்டுச் சமையல் தெரியும். 150 பேருக்கு ஆக்கும் அடுப்படியில் நின்றதில்லை. எந்த இடத்தில் தவறு நடக்கும், என்ன விசா கேட்க வேண்டும், பிள்ளைகளோடு எந்த அளவுக்குப் பழகலாம்? ஒரு தம்பிக்குச் சொல்வதுபோல வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

பந்திவிசாரணை எழுதியது:

தம்பி, அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிட்டு மூட்டை கட்டுங்கள். பந்தி விசாரணைக்கு ஆள் தேடினபோது நற்சாட்சியும் ஆவியும் ஞானமும் நிறைந்த ஏழு பேரைத்தான் தேடினார்கள். ஸ்தேவான் அதில் ஒருவர். சும்மா இருக்கிற கையைப் பிடித்துத் தள்ளுகிற வேலையாக அதை அவர்கள் எண்ணவில்லை.

முகாமின் கடிகாரம் சமையற்கட்டில்தான் ஓடுகிறது. மதியச் சாப்பாடு இருபது நிமிடம் பிந்தினால் விளையாட்டு பிந்தும், குளியல் பிந்தும், மாலைக் கூட்டத்தில் பிரசங்கம் சுருங்கும். அதனால் நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணப் பழகுங்கள். 12:30-க்குப் பந்தி என்றால் 12:15-க்கு உணவு கவுண்டரில் இருக்க வேண்டும், 12 மணிக்குச் சூடு அளந்து முடித்திருக்க வேண்டும். 40 லிட்டர் குளிர்ந்த தண்ணீர் கொதிக்க, அடுப்பின் வேகத்தைப் பொறுத்து, முக்கால் மணி நேரம்கூட ஆகும். ஆகவே பானை 10:45-க்கே மூடியோடு அடுப்பில் ஏறியிருக்க வேண்டும். காய் நறுக்குவது காலைப் பாத்திரம் முடிந்த கையோடு.

அளவுக்கு ஓர் உதாரணம். வளரும் பிள்ளைகளுக்குத் தலைக்கு 120 கிராம் உலர் பாஸ்தா என்றால் 150 பேருக்கு 18 கிலோ. இதை ஒரே பானையில் கொட்டினால் கொதி அடங்கிவிடும், மாவு கரைந்து கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். 40 லிட்டர் பானைக்கு மூன்று நான்கு கிலோவுக்கு மேல் போடாதீர்கள். இரண்டு மூன்று பானை வைத்து, ஒவ்வொரு ஈடாக வேகவைத்து, பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள். மீதி வேக்காடு கவுண்டரின் சூட்டிலேயே ஆகிவிடும். உப்பையும் காரத்தையும் மட்டும் கணக்குப் போட்டுப் பெருக்க வேண்டாம். கணக்கில் வருவதில் முக்கால் பங்கு போட்டு ருசி பார்த்துக் கூட்டுங்கள். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

பரிமாறுவதற்கு ஒரே வரிசை வைத்தால் ஆளுக்குப் பத்து வினாடி என்றாலும் 150 பேருக்கு 25 நிமிடம். மேசையைச் சுவரிலிருந்து நகர்த்தி இரண்டு பக்கமும் ஆள் நின்றால் அது பாதியாகும். இறைச்சித் துண்டுகளை நீங்களே எண்ணி வையுங்கள். சோறு, பாஸ்தா, சாலட்டை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். இறைச்சியையும் திறந்து விட்டால் முதல் எண்பது பேரோடு தட்டு காலியாகும், கடைசி மேசையில் இருக்கிற சின்னப் பிள்ளைகள் வெறும் சாதத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் ஒருமுறை வாங்கி முடிக்கும் வரை யாருக்கும் இரண்டாவது முறை கிடையாது.

சூட்டு விஷயத்தில் கண்ணை நம்பாதீர்கள். உணவுக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரைப் பயன்படுத்துங்கள். நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த குவளையில் விட்டால் அது பூஜ்யம் காட்ட வேண்டும்; காட்டாவிட்டால் அதை நம்பிச் சமைக்க முடியாது. கோழியின் தடித்த பகுதி, எலும்பைத் தொடாமல், 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். பரிமாறும் வரை 63-க்கு மேல் வைத்திருங்கள். சூடு காக்கும் கவுண்டர் ஆறிய உணவைச் சூடாக்காது, சூடாக இருப்பதை அப்படியே வைத்திருக்கும், அவ்வளவுதான். ஆறிய குழம்பை அதில் வைத்தால் கிருமிக்கு வெதுவெதுப்பான வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

மீந்த சோற்றில்தான் பலர் ஏமாறுவது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாது. சோறு மெதுவாக ஆறினால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. பெரிய பானையோடு குளிர்பெட்டியில் வைத்தால் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும், பக்கத்தில் உள்ள பாலும் சூடேறும். அகலத் தட்டில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். 57 டிகிரியிலிருந்து இரண்டு மணி நேரத்தில் 21-க்கும், அடுத்த நான்கு மணி நேரத்தில் 5-க்கும் இறங்க வேண்டும். அமெரிக்க விதி இது. பிரிட்டனில் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆற்றி உள்ளே வைக்கச் சொல்வார்கள். இறங்காவிட்டால் குப்பைக்கு. வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், இருந்தாலும் கொட்டுங்கள்.

அலர்ஜி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 9, எள் 2023-இல் சேர்ந்தது. அந்தப் பிள்ளைகளின் தட்டை முதலில், கழுவிய பலகையில், புதுக் கரண்டியால் தயார் செய்து, மூடி, பெயர் ஒட்டி, பொறுப்பான ஒரே ஆள் கையில் கொடுக்க வேண்டும். நிலக்கடலையைப் பொறுக்கி எடுத்துவிட்டால் சரியாகிவிடாது. சூடு ஒவ்வாமைப் பொருளை அழிப்பதில்லை, கிருமிநாசினியும் அழிப்பதில்லை. சோப்பு போட்டுக் கழுவினால்தான் போகும். எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கிற தவறு: பாத்திரத்துக்குப் பாத்திரம் கரண்டி மாறுவது. பொருட்களின் காலிப் பாக்கெட்டுகளை அந்த வேளை முடிந்து எல்லாரும் நலமாக இருக்கிறார்கள் என்று தெரியும் வரை எறியாதீர்கள், அதில்தான் சேர்மானப் பட்டியல் இருக்கிறது.

வெள்ளைத்துணி எழுதியது:

மேலே அண்ணன் சமையலைச் சொல்லிவிட்டார். பாத்திரத்துக்கும் கழிப்பறைக்கும் நான் சொல்கிறேன். முகாமை உண்மையில் படுக்க வைப்பது இந்த இரண்டும்தான்.

மூன்று தொட்டி இருக்கும். முதலில் எச்சிலை வழித்துக் குப்பையில் தள்ளி, ஒரு தடவை அலசி, அப்புறம்தான் முதல் தொட்டி: சோப்பு, 43 டிகிரிக்குக் குறையாத வெந்நீர். இரண்டாவதில் நல்ல தண்ணீர். மூன்றாவதில் கிருமிநாசினி: குளோரின் என்றால் 50 முதல் 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு நீரில் அத்தனை பங்கு. ஐந்து சதவீத வெளுப்பு நீரில் (ப்ளீச்) இது லிட்டருக்கு ஒன்று முதல் இரண்டு மில்லி. சோதனைத் தாள் நனைத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். கூடுதலாக ஊற்றினால் கூடுதல் சுத்தம் என்பது தவறு, தட்டில் ரசாயனம் தங்கும். இரண்டாவது தொட்டியின் நீர் அழுக்கானால் சோப்பும் உணவுத் துணுக்கும் மூன்றாவதற்குப் போய்க் குளோரினைத் தின்றுவிடும். நீர் கலங்கியதும் மாற்றுங்கள், பாதி வேலையில் நின்றாலும் பரவாயில்லை. துணியால் துடைக்கக் கூடாது, காற்றில் காய வேண்டும். ஈரத் துணி ஒரு தட்டின் அழுக்கை நூறு தட்டுக்குக் கொண்டுபோகும். கத்தியை நுரைக்குள் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அடுத்தவர் கை தெரியாமல் உள்ளே போகும்.

இயந்திரம் இருந்தால் கடைசி அலசல் 82 டிகிரி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் முதலில் வடிகட்டியையும் தெளிக்கும் கைகளின் துளைகளையும் பாருங்கள். லேபிள் துண்டும் பழ விதையும் அடைத்திருக்கும். ஒவ்வொரு வேளைக்கும் பிறகு கழற்றிக் கழுவினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அழுக்குத் தட்டு வாங்குகிறவரும் சுத்தத் தட்டு எடுக்கிறவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். ஆள் குறைந்தால் நடுவில் கை கழுவுங்கள், இருபது வினாடி.

இனி வாந்தி. நோரோவைரஸ் ஒரு அறையில் தொடங்கினால் மூன்று நாளில் முகாம் முழுக்கப் பரவிவிடலாம். கையில் தேய்க்கும் ஆல்கஹால் ஜெல் இதன்மேல் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான். பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு, கையுறை, முகக்கவசம், ஏப்ரன் போட்டு, காகிதத் துண்டுகளால் மூடி, ஓரத்திலிருந்து நடுவுக்கு வழித்து எடுத்துப் பையில் கட்டுங்கள். பிறகு சோப்பு நீரால் கழுவி, 1000 முதல் 5000 பிபிஎம் வெளுப்பு நீரை ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். ஐந்து சதவீத வெளுப்பு நீரில் அது லிட்டருக்கு 20 முதல் 100 மில்லி. வெறும் தரையில் மட்டும். கம்பளத்தில் நிறம் போய்விடும். சுற்றிலும் திறந்து கிடந்த உணவு எதுவானாலும் குப்பைக்கு. வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்ட சமையல் ஊழியர், அது நின்றபின் 48 மணி நேரம் சமையலறைப் பக்கம் வரக் கூடாது. ஊழிய வைராக்கியத்தில் மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவது பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கு.

வெளுப்பு நீரைக் கழிப்பறை ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு எழும், சின்ன அறையில் மூச்சு அடைத்துவிடும். அம்மோனியா கலந்த, கண்ணாடி துடைக்கும் திரவத்தோடும் சேர்க்கக் கூடாது. கரைத்த வெளுப்பு நீரை அன்றன்றே கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள், சக்தி இறங்கிவிடும்.

கழிப்பறையில் வரிசை: மேலிருந்து கீழ், சுத்தமானதிலிருந்து அழுக்கானது. தாழ்ப்பாள், குழாய்த் திருகு, ஃப்ளஷ் பித்தான் முதலில், கோப்பை பிறகு, தரை கடைசியில், கதவை நோக்கிப் பின்னால் நடந்தபடி. கழிப்பறைத் துணி சமையலறை வாசலைத் தாண்டக் கூடாது. அதற்குத்தான் துணிகளுக்கு நிறம் பிரித்திருக்கிறார்கள், போன உடனே எந்த நிறம் எதற்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காவல்கோபுரம் எழுதியது:

விசா பற்றி. சம்பளம் இல்லை, ஊழியம்தானே என்று சுற்றுலா விசாவில் ஏறிவிடாதீர்கள். அமெரிக்காவில் ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவின் முகாம் ஆலோசகர் பிரிவு பிள்ளைகளை நேரடியாக நடத்துகிறவர்களுக்கு மட்டும். சமையல், பாத்திரம், துப்புரவு ஊழியருக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட சமய அல்லது தொண்டு நிறுவனத்தின் தன்னார்வத் திட்டத்துக்கு பி-1 என்ற வணிகப் பார்வையாளர் விசாவில் இடம் உண்டு, அதற்கு முகாமின் கடிதம் தேவை. பிரிட்டனில் பார்வையாளராகப் போகிறவர் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் மொத்தம் 30 நாள் வரை தன்னார்வ வேலை செய்யலாம், உங்கள் மூன்று வாரம் அதற்குள் அடங்கும். நீண்ட காலத்துக்குத் தொண்டு ஊழியர் விசா தனியாக இருக்கிறது. எந்த நாடானாலும் அழைப்புக் கடிதத்தில் உங்கள் உண்மையான வேலை எழுதியிருக்கட்டும். அதிகாரி கேட்டால் சமையலறை என்றே சொல்லுங்கள்.

காவல்துறை நற்சான்று கேட்பார்கள். நீண்ட காலம் வாழ்ந்த வேறு நாடு இருந்தால் அங்கிருந்தும் கேட்கக்கூடும். வாரக்கணக்கில் ஆகும், இப்போதே விண்ணப்பியுங்கள்.

பிள்ளைகளோடு பழகுவது: அன்பாக இருங்கள், ஆனால் தனியாக இருக்காதீர்கள். பாத்திர உதவிக்கு ஒரு பிள்ளையை அனுப்பினால் இரண்டு பேராக அனுப்பச் சொல்லுங்கள். சரக்கறைக் கதவைத் திறந்தே வையுங்கள். கழிப்பறை கழுவும்போது தட்டி, யாரும் இல்லை என்று பார்த்து, வெளியே பலகை மாட்டி, இன்னொரு ஊழியரை வாசலில் நிறுத்துங்கள். உங்கள் கைபேசியில் படம் வேண்டாம், சமூக ஊடக நட்பு வேண்டாம், தனிப் பரிசும் வேண்டாம். இறைச்சி சீவும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் 18 வயதுக்குக் கீழ் யாரும் நிற்கக் கூடாது.

மேடையில் நிற்பவரிடம் சொல்லத் தயங்குவதை உருளைக்கிழங்கு உரிக்கிற இடத்தில் ஒரு பிள்ளை சொல்லிவிடும். அது உண்டு, அதற்கு ஆயத்தமாகப் போங்கள். யாராவது தன்னைத் துன்புறுத்துவதாகச் சொன்னால் அமைதியாகக் கேளுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "அவர்தான் செய்தாரா?" என்று வார்த்தையை வாயில் திணிக்காதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே, நேரம் போட்டு, அன்றே எழுதி, பிள்ளைகள் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். விசாரிப்பது உங்கள் வேலை அல்ல. ஜெபக் குறிப்பு என்ற பெயரில்கூட மற்ற ஊழியரிடம் சொல்லக் கூடாது.

ஒலிவக்கிளை எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணன்மாரே. இன்னும் இரண்டு சந்தேகம். கூட்டங்களில் நான் உட்கார முடியுமா? என்ன எடுத்துப் போகட்டும்?

பந்திவிசாரணை எழுதியது:

மாலைக் கூட்டம் பெரும்பாலும் கிடைக்காது, அந்த நேரத்தில்தான் கடைசிப் பாத்திரமும் மறுநாள் காலைக்கான முன்தயாரிப்பும் இருக்கும். அதனால் சுற்று முறை கேளுங்கள்: மூன்று பேர் தேய்க்க, இரண்டு பேர் கூட்டத்தில், அடுத்த நாள் மாற்றி. காலைப் பாத்திரம் முடிந்ததும் குழுவாக இருபது நிமிடம் வசனமும் ஜெபமும் வைத்துக்கொள்ள முடியுமா என்று முதல் நாளே தலைவரிடம் பேசுங்கள். ஓய்வு நாள் எது என்றும் கேளுங்கள். மூன்று வாரம் இடைவெளியில்லாமல் காலை ஆறரைக்கு எழுந்தால் இரண்டாவது வாரக் கடைசியில் கை வெட்டுப்படும், தீப்படும். களைத்த கையில்தான் கத்தி நழுவும்.

வழுக்காத, முன்பக்கம் மூடிய காலணி இரண்டு ஜோடி. ஒன்று நனைந்தால் காய ஒரு நாள் வேண்டும். பருத்திச் சட்டை, நைலான் தீ பட்டால் தோலோடு ஒட்டும். மோதிரத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். காயத்துக்கு நீல நிற பிளாஸ்டர் வைத்திருப்பார்கள். நீல நிற உணவு ஏறக்குறைய இல்லாததால் தவறி விழுந்தாலும் கண்ணில் படும். அதன்மேல் கையுறையும் போடுங்கள்.

மொழி சரளமாக வராவிட்டாலும் இரண்டு சொல்லைச் சத்தமாகச் சொல்லப் பழகுங்கள்: சூடான பானையோடு நடக்கும்போது "ஹாட்", ஒருவர் முதுகுக்குப் பின்னால் கடக்கும்போது "பிஹைண்ட்". வெட்கப்பட்டு மெதுவாகச் சொன்னால் அவர் திரும்புவார், பானை சாயும்.