2, 4 கனெக்டிங் ராடுகளின் கேப் (மூடி) மாறிவிட்டதா? தெரிந்தவர்கள் சொல்லவும்

கும்பகோணம் பக்கம் ஒரு லேத் பட்டறையில் பழைய நாலு சிலிண்டர் டீசல் கார் இன்ஜின் பிரித்துக் கிடக்கிறது. பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைப்பது ராடு, அதன் பெரிய முனையில் போல்ட் போட்டு முறுக்கும் அரைவட்ட மூடி கேப். 1, 3 ராடுகளில் நம்பர் பஞ்ச் இருக்கிறது. 2, 4-க்குப் பெயிண்ட் குறி மட்டும். மண்ணெண்ணெயில் கழுவியதும் போய்விட்டது.

பேரிங் நாக்கு உட்காரும் வெட்டு இரண்டும் ஒரே பக்கம் வரவேண்டும் என்பது சரி. ஆனால் அது கேப்பின் திசையைத்தான் சொல்லும், ஜோடியைச் சொல்லாது. ராடும் கேப்பும் சேர்த்து முறுக்கித்தான் உள்துளையைக் கடைவார்கள் (போர் அடிப்பார்கள்). மாற்றிப் போட்டால் வட்டம் கெடும், பேரிங் ஒரு பக்கம் கடிக்கும், கிராங்கைப் பிடித்துவிடும்.

பேரிங் இல்லாமல் டார்க் ரெஞ்சில் முறுக்கி, போர் கேஜில் (துளையின் விட்டம் அளக்கும் கருவி) மூன்று திசையில் அளந்தாயிற்று. ஒரு ஜோடிப்பில் 2-ம் ராடு 0.01 மி.மீ. வித்தியாசம், 4-ல் 0.04. மாற்றிப் போட்டால் இரண்டுமே 0.05-க்கு மேல், இணைப்பில் நகம் தட்டுகிறது. ஆக முதல் ஜோடிதான் சரியாக இருக்கும். அப்படியென்றால் 4-ன் கேப் இழுபட்டு வடிவம் மாறியிருக்கிறதா?

கேப் முகத்தைத் தேய்த்து ஹோனிங் (துளையை நுணுக்கமாகத் தேய்த்து வட்டமாக்குவது) செய்யத் தஞ்சாவூர், திருச்சியில் நம்பிக்கையான பட்டறை உண்டா? இல்லை, ராடையே மாற்றலாமா? மாற்றினால் எடை பொருத்த வேண்டும், பெரிய முனையும் சின்ன முனையும் தனித்தனியாக. காய்கறிக் கடைத் தராசு 5 கிராம் படியில் காட்டுவது, இதற்கு உதவாது.

புதுக் குறியை கேப் முறுக்கிய பிறகு, இணைப்புக்கு இரு பக்கமும் தட்டையான இடத்தில், லேசாகத்தான் அடிக்கப்போகிறோம். ராடின் நடுத்தண்டில் அடிக்கச் சொல்பவர்கள் தயவுசெய்து வேண்டாம், அங்கிருந்துதான் விரிசல் விடும்.